ஏஐ வைவா எடுக்கட்டும், மார்க் நீங்க போடுங்க

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்குற ஒரு உதவிப் பேராசிரியர் கேட்டிருக்காங்க: "க்ளாஸ்ல 120 பேர். அசைன்மென்ட் எல்லாம் அச்சடிச்ச மாதிரி சுத்தமா வருது, ஆனா நேர்ல ஒரு கேள்வி கேட்டா முழிக்கிறாங்க. ஆளுக்கு 10 நிமிஷம் வைவா (வாய்மொழித் தேர்வு) வச்சா 20 மணி நேரம் ஆகும், என்னால முடியாது. குரல்ல பேசுற ஏஐ-கிட்ட விட்டுடலாமா, மார்க்கும் அதுவே போடலாமா?"

முதல் பாதிக்கு ஆமா, தாராளமா பண்ணலாம். ரெண்டாவது பாதிக்கு வேண்டாம்.

உங்க பாடத்துலயே ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். "பி-வேல்யூ 0.03, அதனால சிக்னிஃபிகன்ட்"னு அசைன்மென்ட்ல இருக்கு, எழுதுனது சரிதான். இப்போ ஏஐ கேக்குது, "அந்த 0.03க்கு என்ன அர்த்தம்?" நிறைய பசங்க சொல்றது, "நல் ஹைப்பாதிஸிஸ் (வித்தியாசமே இல்லங்கிற அனுமானம்) உண்மையா இருக்க 3 சதவீத வாய்ப்பு"னு. அது தப்பு, வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெருசோ தற்செயலா வர்ற வாய்ப்பு தான் அந்த 3 சதவீதம், ஆனா பேப்பர்ல அந்தத் தப்பு கடைசி வரைக்கும் வெளிய வந்திருக்காது. அடுத்து, "வித்தியாசமும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் அப்படியே இருந்து சாம்பிள் மட்டும் 4 மடங்கு ஆனா பி-வேல்யூ என்ன ஆகும்?" ஸ்டாண்டர்ட் எரர் (சாம்பிள் சராசரி எவ்வளவு ஆடும்ங்கிற அளவு) பாதியாகும், அதனால பி-வேல்யூ குறையும்னு சொல்ல மனப்பாடம் உதவாது, உள்ள நடக்குறது புரிஞ்சிருக்கணும். மூணாவது "ஏன்"ல தான் உண்மையான நிலவரம் தெரியும், அந்த மூணாவது "ஏன்" வரைக்கும் 120 பேர்கிட்டயும் சலிக்காம போக ஏஐ-யால முடியும், அதோட பெரிய பலமே அதுதான்.

ஆனா சும்மா "மாணவர்கிட்ட வைவா எடு"ன்னு சொல்லி விட்டீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல அது டீச்சராகி பதிலை விளக்க ஆரம்பிச்சுடும், பையன் "ஆமா ஆமா"ன்னு தலையாட்டிட்டு போயிடுவான். இன்ஸ்ட்ரக்‌ஷன்ல தெளிவா எழுதுங்க: ஒரு நேரத்துல ஒரே கேள்வி, பதிலை சொல்லக்கூடாது, "அருமை", "சரியா சொன்னீங்க"ன்னு பாராட்டக்கூடாது, பதில் தப்பா இருந்தாலும் காட்டிக்காம ஒரு உதாரணம் கேக்கணும், தெரியலன்னு சொன்னா இன்னும் சின்ன கேள்வியா மாத்திக் கேக்கணும். கூடவே அந்த மாணவரோட அசைன்மென்டையும் கொடுங்க, இல்லன்னா கேள்வி எல்லாருக்கும் பொதுவாப் போயிடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் பெருசா கவனிக்கிறதில்ல: மௌனம். 1970கள்ல மேரி பட் ரோங்கிற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகள்ல பார்த்தது, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட் தான் காத்திருக்காங்க, அதை 3 செகண்டா நீட்டினாலே பசங்களோட பதில் நீளமாவும் யோசிச்சதாவும் மாறுது. குரல் ஏஐ-ல பிரச்சனை இன்னும் மோசம், கொஞ்சம் நிறுத்தினாலே முடிச்சுட்டாங்கன்னு நினைச்சு குறுக்க பேசிடும். அதனால பட்டனை அழுத்திப் பிடிச்சுப் பேசுற மாதிரி செட்டிங் இருந்தா அதையே வைங்க. யோசிக்க இடம் இல்லாத வைவா, பேச்சு வேகத்தை மட்டும் தான் அளக்கும்.

மார்க் ஏன் கூடாதுன்னா, ஒண்ணு, தன்னம்பிக்கையா நீளமா பேசுறவங்ககிட்ட ஏஐ சுலபமா ஒத்துப்போயிடும். ரெண்டு, அது காதுல வாங்குறதே தப்பா இருக்கலாம். 2020ல அமெரிக்காவுல நடந்த ஆய்வுல 5 பெரிய கம்பெனிகளோட பேச்சறியும் மென்பொருளை சோதிச்சப்ப, வெள்ளையர் பேச்சுல நூறு வார்த்தைக்கு சுமார் 19 தப்பு, கறுப்பினத்தவர் பேச்சுல 35. அதுக்கப்புறம் மென்பொருள் முன்னேறியிருக்கு, ஆனாலும் பேச்சு வழக்கு வேறங்கிறதுக்காக ஒருத்தருக்கு மார்க் குறையுற அபாயத்தை நான் ஏத்துக்க மாட்டேன். ஐரோப்பிய யூனியனோட ஏஐ சட்டமும் மாணவர்கள் கத்துக்கிட்டதை மதிப்பிடுற ஏஐ-யை அதிக ஆபத்து வகையில தான் வச்சிருக்கு.

அதனால வைவா பேச்சோட எழுத்து வடிவத்தை நீங்க படிங்க, சந்தேகம் வந்தா ஆடியோவைக் கேளுங்க. 8 நிமிஷ பேச்சைப் படிக்க 2, 3 நிமிஷம் போதும், 120 பேருக்கு நாலுலேருந்து ஆறு மணி நேரம். திரைக்கு ஓரமா வேற எதையோ பார்த்துப் படிக்கிறவங்களும் இருப்பாங்க, அதுக்காக 10 பேரை குலுக்கல்ல எடுத்து நேர்ல அஞ்சு நிமிஷம் பேசுங்க, இப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்லிடுங்க. திக்குவாய் இருக்குறவங்க, காது சரியா கேக்காதவங்க, குரலைப் பதிவு பண்ண விருப்பமில்லாதவங்க, இவங்க எல்லாருக்கும் டைப் பண்றதோ உங்ககிட்ட நேர்ல பேசுறதோ ஒரு வழி கண்டிப்பா வேணும், காரணம் கேக்காம கொடுங்க.

என்னைக் கேட்டா மார்க்கை விட முக்கியம் அதுக்கப்புறம் நடக்குறது. 1994ல மிஷெலின் சீங்கிற கற்றல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் எட்டாம் வகுப்பு பசங்களுக்கு ரத்த ஓட்டம் பத்தின பாடத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தனக்குத்தானே விளக்கச் சொன்னாங்க, சும்மா ரெண்டு தடவை படிச்சவங்களை விட அவங்க நல்லா கத்துக்கிட்டாங்க. வாய்விட்டு விளக்குறதே படிப்பு தான். அதனால ஒவ்வொருத்தரும் தன்னோட பேச்சைத் திரும்பப் படிச்சு, தடுமாறுன ஒரு இடத்தைக் குறிச்சு, அதுக்கு இப்போ என்ன பதில் சொல்வேன்னு அரைப் பக்கம் எழுதட்டும். அந்த அரைப் பக்கத்துக்கு நான் வைவாவை விட அதிக மார்க் வைப்பேன்.

பசங்ககிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே மூணு தடவை மாணவரா நடிச்சுப் பேசிப் பாருங்க, ஒரு தடவை தப்பா, ஒரு தடவை ரொம்ப மெதுவா, ஒரு தடவை மழுப்பலா. எங்கயாவது அது பதிலை உளறிட்டா இன்ஸ்ட்ரக்‌ஷனைத் திருத்திட்டு மறுபடி முதல்லேருந்து பேசிப் பாருங்க.