கட்டிலும் மீன்தொட்டியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஹாங்காங்கில் துங் சுங் பகுதியில், 400 சதுர அடி வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வருடம் உடம்பும் வேலையும் சேர்ந்து படுத்தியதில் ஃபெங் சுயி என்ற சீன மனை சாஸ்திரப் புத்தகங்கள் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது நாலு புத்தகம் இருக்கிறது, குழப்பம்தான் தீரவில்லை. பணம் சேரும் என்கிற செல்வ மூலை ஒரு புத்தகத்தின்படி குளியலறையில் வருகிறது, இன்னொன்றின்படி படுக்கையறையில். நான் பிறந்தது 1984, மனைவி 1986. பிறந்த வருடத்தை வைத்துப் போடும் குவா எண் எனக்கு 7, அவளுக்கு 1. எனக்கு நல்லதாகச் சொல்லும் நான்கு திசையும் அவளுக்கு ஆகாதாம். கட்டிலின் தலைமாட்டை எந்தப் பக்கம் வைப்பது? அவள் எதற்கும் ஒத்துழைக்க மறுக்கிறாள். செல்வ மூலைக்கு மீன்தொட்டி வாங்கியதிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. வாஸ்துவையும் சேர்த்துப் பார்க்கலாமா? எச்.எஸ்.பி.சி வங்கித் தலைமையகத்தின் உச்சியில் இருப்பது பீரங்கி என்கிறார்களே, உண்மையா?

சா.

அன்புள்ள சா.,

பீரங்கி இல்லை, பராமரிப்புக்கான கிரேன்கள். பக்கத்தில் சீன வங்கிக் கோபுரம் கத்தி மாதிரி நிற்கிறது, அதற்குப் பதிலடி என்று ஊரே சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். வாஸ்து வேண்டாம். நாலு புத்தகத்துச் சண்டையே தீராதபோது ஐந்தாவதாக ஒரு கட்சியைக் கூப்பிடாதீர்கள்.

புத்தகங்கள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். திசைகாட்டி வைத்துப் பார்க்கும் புத்தகங்களில், வாசல் எங்கிருந்தாலும் தென்கிழக்குதான் செல்வ மூலை. லின் யுன் என்பவர் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய மரபில் திசைகாட்டியே கிடையாது. வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடதுபக்கக் கடைசி மூலை எதுவோ அதுதான் செல்வம். இரண்டுக்கும் பெயர் ஃபெங் சுயி. எது எந்த மரபு என்று அட்டையில் போடுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. அப்புறம், உங்கள் புத்தகம் அச்சான வருடத்தைப் பாருங்கள். பறக்கும் நட்சத்திரம் என்ற ஃபெங் சுயி கணக்கில் காலத்தை இருபது இருபது வருடமாக வெட்டுவார்கள். எட்டாவது காலம் 2024 பிப்ரவரியோடு முடிந்து ஒன்பதாவது நடக்கிறது. அதற்கு முன் அச்சான புத்தகம் எட்டை நடப்புக் காலமாக வைத்து எழுதியிருந்தால், நீங்கள் பார்ப்பது பழைய பஞ்சாங்கம். அதிர்ஷ்ட மூங்கிலும் வாங்கியிருப்பீர்கள். அது மூங்கிலே இல்லை, மத்திய ஆப்பிரிக்கக் காட்டுச் செடி.

உங்கள் கடிதம் வந்தபோது நான் லை சி வோவைப் பற்றி எழுதத்தான் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் ஹாங்காங்கிலேயே வடகிழக்குக் கோடியில் இருக்கும், ஹக்கா என்ற சீன இனத்தாரின் கிராமம். போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள், புத்தகம் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நான் அங்கே போனது ஒரு குளிர்காலத்தில். படகுத்துறையில் வாடைக்காற்று காதை அறுத்தது. ஊருக்குள் நுழைந்து வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் நின்றபோதுதான் காற்று நின்றுபோனதைக் கவனித்தேன். பின்னால் மலைச்சரிவில் பிறை வடிவில் ஒரு காடு. ஃபெங் சுயி காடு என்றுதான் அதற்குப் பெயர். ஊருக்குக் கெடுதல் வரும் என்ற பயத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் அதில் கோடரி வைத்ததில்லை. உள்ளே ஐந்து விரல் மாதிரி கிளைத்த ஒரு கற்பூர மரம். ஒரு விரல் இல்லை. ஜப்பானியர் பிடித்திருந்த காலத்தில் வெட்டப்பட்டது என்றார்கள். ஹாங்காங்கில் இப்படி 100க்கும் மேற்பட்ட காடுகள் மிஞ்சியிருக்கின்றன. குளிர்காற்றைத் தடுக்கிறது, மழையில் சரிவு பெயர்ந்து கூரைமேல் விழாமல் பிடித்துக்கொள்கிறது, ஓடை வற்றாமல் பார்த்துக்கொள்கிறது. ஊருக்கு முன்னால் வயல், அதற்கும் அப்பால் அலையாத்தி, கடல். குவோ பு என்ற பழங்காலச் சீன அறிஞர் எழுதியதாகச் சொல்லப்படும் சுவடி, உயிர்மூச்சு காற்றில் கலைந்துவிடும், நீரின் கரையில் தங்கும் என்கிறது. அது கல்லறைக்கு இடம் பார்ப்பதற்கான சுவடி. அதில் கட்டில் இல்லை, மீன்தொட்டி இல்லை, சிரிக்கும் புத்தர் பொம்மையும் இல்லை. மலை, காற்று, தண்ணீர். இடம் பார்ப்பவன் சரிவில் ஏறி, நடந்து, எந்தப் பக்கம் ஈரம், எந்தப் பக்கம் காற்று என்று பார்த்தான். இருபதாவது மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மலையை விற்க முடியாது. அதனால் பொம்மையை விற்றார்கள், பொம்மையை எங்கே வைப்பது என்று சொல்லப் புத்தகத்தையும் விற்றார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறி உங்கள் ஊரில் சுவரெல்லாம் வியர்க்கும். துணி காயாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும். ஊரே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கதவைச் சாத்திய படுக்கையறையில் ஒரு தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். செல்வத்துக்காக! உடம்பு படுத்துகிறது என்று அதே கடிதத்தில் எழுதுகிறீர்கள். எந்தச் சுவரில் பூஞ்சை, எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, ஏசி யார் முகத்தில் அடிக்கிறது, இதில் ஒரு வரியாவது எழுதினீர்களா?

இன்னொன்று. ‘ஒத்துழைக்க மறுக்கிறாள்.’ நல்ல திசை, ஆகாத திசை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையை எழுதவில்லை. ஏழாம் எண்ணும் ஒன்றாம் எண்ணும் ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது என்று உங்கள் புத்தகம்கூடச் சொல்லியிருக்காதே. தலைமாடு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் அவரைக் கேட்டிருக்க வேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வெளியூரில் வேலையும் ஆட்டம் கண்டு உடம்பும் சரியில்லாமல் போனால், கையால் நகர்த்த முடிவது வீட்டுச் சாமான்கள்தான் என்று தோன்றும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் டாக்டரிடம் போனீர்களா இல்லையா என்று எழுதுங்கள்.

லை சி வோவுக்கு வார இறுதியில் மா லியூ ஷுயி துறையிலிருந்து படகு உண்டு, ஒன்றரை மணி நேரம் ஆகும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே புத்தகத்தைத் திறக்காதீர்கள். மீன்களை அதற்கு முன்பே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.