வடிகட்டிய எண்ணெயின் பி.டி.வி. மறுபடி இறங்குவது ஏன்?

வடிகட்டியதும் பி.டி.வி. (எண்ணெய் முறிவில்லாமல் தாங்கும் மின்னழுத்தம்) 60 கிலோவோல்ட் வந்த டிரான்ஸ்பார்மர் எண்ணெய், மூன்றே மாதத்தில் 32-க்கு இறங்கிவிட்டது என்கிறீர்கள். எண்ணெயை மாற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு அவசரப்படாதீர்கள். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி எண்ணெயில் இல்லை, சுருளைச் சுற்றிய காகிதத்தில் இருக்கிறது. ஒருமுறை வடிகட்டினால் எண்ணெய் மட்டும்தான் காயும். அப்புறம் லோடு ஏறி சூடாகும்போது காகிதம் தன் ஈரத்தை மெல்ல எண்ணெய்க்கு விடும். உங்கள் எண் இறங்கியது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் மாதிரியைச் சந்தேகப்படுங்கள். ஈரமான பாட்டில், கழுவாத வால்வு, இது போதும் அளவு பாதியாக. நல்ல மாதிரியிலும் அதே எண் வந்தால் எண்ணெயிலுள்ள ஈரத்தை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். மாதிரி எடுத்தபோது எண்ணெயின் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள், அது இல்லாத பி.பி.எம். பாதிச் செய்திதான்.

டிரான்ஸ்பார்மருக்குள் காற்று போய்வரும் பிரீதரில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா, இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட் கசிகிறதா? அதைச் சரிசெய்யாமல் வடிகட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். ஈரம் உறுதியானால் சூடான எண்ணெயை வெற்றிடத்தில் பல சுற்று, நாள்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும்.

கூடவே எண்ணெயில் கரைந்த வாயுக்களுக்கான சோதனையும் செய்யுங்கள். அசிட்டிலீன் தெரிந்தால் உள்ளே ஆர்க் (மின்பொறி) அடித்திருக்கலாம். அப்போது இது ஈரப் பிரச்சினை மட்டுமல்ல.