இரண்டு சிலிண்டர்தான், எதுவும் தொலையவில்லை

ஏரோன்கா சி-2 என்ற பழைய குட்டி விமானத்தின் மாடல் கிட்டில் இரண்டே சிலிண்டர்கள்தான் வந்தன, மீதி காணோம் என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், கடைக்காரர் ஏமாற்றவில்லை. அசல் விமானத்துக்கும் இரண்டுதான்! சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் அந்தக் குட்டி எஞ்சினின் சக்தி சுமார் 26 குதிரைத்திறன். இன்றைய பெரிய பைக் ஒன்றுக்கே அதைவிட அதிகம்.

ஜான் ரோஷே என்ற பொறியாளரின் வடிவமைப்பு இது. 1929-இல் முதன்முதலில் பறந்த இதை, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்த ஏரோன்கா நிறுவனம் 1,495 டாலருக்கு விற்றது. ஒரே இருக்கை, தொட்டி மாதிரி வயிறு. 'பறக்கும் குளியல்தொட்டி' என்றே பட்டப்பெயர்.

அப்புறம், இறக்கைக்குக் கீழே தாங்குகட்டை ஒட்டிவிடாதீர்கள். இறக்கையை மேலும் கீழும் பிடித்திருப்பது இழுத்துக் கட்டிய கம்பிகள்தான். இரட்டை இருக்கைப் படங்களைப் பார்த்தும் குழம்பவேண்டாம், அது 1931-இல் வந்த சி-3.