ஆள் இருந்தும் பயணி ஏர்பேக் ஆஃப் விளக்கு எரிவது பற்றி

வணக்கம். மனைவி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ஏர்பேக் ஆஃப் விளக்கு (அந்த சீட்டின் ஏர்பேக் அணைந்திருக்கிறது என்று காட்டும் விளக்கு) எரிகிறது, சீட்டை முன்னே பின்னே நகர்த்தினால் சில நேரம் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமான தடயம். சீட் நகரும்போது அடியில் உள்ள வயர்களும் இழுபடும். அங்கே ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள், ஆனால் எதையும் கழற்றாதீர்கள். மஞ்சள் நிற வயர்களில் மல்டிமீட்டர் வைக்கவே வேண்டாம், மீட்டர் அனுப்பும் சிறிய மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம்.

தடிமனான சீட் கவர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் திணித்த பை, குடை எல்லாம் எடையைத் தாங்கிக்கொண்டு, சீட்டில் ஆள் இருப்பதை எடையால் அறியும் சென்சாரை ஏமாற்றும்.

அப்புறமும் எரிந்தால் ஒர்க்‌ஷாப்தான். காரின் கோளாறைக் காட்டும் சாதாரண ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சென்சாரை மாற்றினால், பல கார்களில் காலி சீட்டை வைத்து மறுபடி கேலிபரேட் செய்ய (சென்சாரின் அளவைச் சரிப்படுத்த) வேண்டும். அதைச் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மீட்டர் போர்டில் இருக்கும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிகிறதா? அப்படியானால் உங்கள் பக்க ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம், தள்ளிப்போடாதீர்கள். சரியாகும்வரை மனைவி பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும்.