கதிர்வீச்சு பட்ட டயோடைச் சூடாக்கினால் சரியாகுமா?

கேள்வி: நியூட்ரான் மூலத்துக்கு அருகே வைத்திருந்த எங்கள் சிலிக்கன் டயோடு உணரியில் கசிவு மின்னோட்டம் பல மடங்கு ஏறிவிட்டது. சூடாக்கினால் இறங்கும் என்கிறார்கள். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

பதில்: சூடாக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். அன்று அளந்தபோதும் இன்று அளந்தபோதும் டயோடின் வெப்பநிலை ஒன்றுதானா? சிலிக்கனில் ஏழெட்டு டிகிரி கூடினாலே கசிவு இரட்டிப்பாகும். இரண்டு அளவையும் 20 டிகிரிக்குக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஏற்றம் அப்போதும் இருந்தால் மேலே படியுங்கள்.

சிலிக்கன் அணு ஒன்றைப் படிகத்தில் அதன் இடத்திலிருந்து பெயர்க்கச் சுமார் 20 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். வேக நியூட்ரான் மோதிய அணுவோ பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட்டோடு கிளம்பி, போகிற வழியெல்லாம் மற்ற அணுக்களையும் தட்டிவிடுகிறது. பெயர்ந்தவற்றில் பெரும்பாலானவை உடனே ஒரு காலியிடத்தில் விழுந்து அடங்கிவிடும். மிஞ்சிய காலியிடங்கள் அறை வெப்பநிலையிலேயே அலையும். சிலிக்கனில் கலந்திருக்கும் பாஸ்பரஸைக் கண்டால் அதோடு, ஆக்சிஜனைக் கண்டால் அதோடு, இல்லையென்றால் இரண்டிரண்டாகத் தமக்குள் ஒட்டிக்கொள்ளும். உங்கள் டயோடில் இப்போது இருப்பவை இந்த ஜோடிகளும், நெருக்கமாகக் குவிந்த குறைத்திரள்களும்தான்; கசிவை ஏற்றுபவை இவையே.

ஒவ்வொரு ஜோடியும் கலையும் சூடு வேறு. பாஸ்பரஸ் ஜோடி சுமார் 150 டிகிரியில் கலையும். இரட்டைக் காலியிடத்துக்கு 300 டிகிரி அளவில் வேண்டும், ஆக்சிஜன் ஜோடிக்கு 350 வரைகூட. ஆனால் உணரியை உறையில் இணைக்கும் ஈய-வெள்ளீயப் பற்றாசு 183 டிகிரியிலேயே உருகிவிடும், பசை அதற்கும் தாங்காது. ஆகவே, உறையிட்ட உணரியை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

செய்யக்கூடியது: 60 டிகிரியில் 80 நிமிடம். கசிவு ஓரளவு இறங்கும். அதோடு நிறுத்துங்கள். உயர் மின்தடைச் சிலிக்கனில் சூட்டை நீட்டினால் கசிவு இறங்கிக்கொண்டே போகும், ஆனால் முழுத்தடிப்பையும் செயல்படவைக்கத் தேவையான மின்னழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். இறங்கும் எண்ணைப் பார்த்து மகிழ்ந்து உணரியைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். பிறகு குளிரில் வையுங்கள்; செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவியில் உள்ள சிலிக்கன் தடங்காட்டிகளைக் குளிரிலேயே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரே மட்டும் பட்டிருந்தால் பழுது பெரும்பாலும் மேலே உள்ள ஆக்சைடு படலத்தில். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

80 நிமிடம் முடிந்ததும், முழுத்தடிப்பும் செயல்படும் மின்னழுத்தத்தில், 20 டிகிரியில் அளந்து பாருங்கள். ஒரு சதுர செ.மீ. பரப்பு, 300 மைக்ரான் தடிப்பு, சதுர செ.மீ.க்கு ஒரு லட்சம் கோடி நியூட்ரான் (1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு நிகராக) என்றால், கதிர்வீச்சுக்கு முன்பிருந்ததைவிடக் கசிவு ஏறக்குறைய 1.2 மைக்ரோ ஆம்பியர் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் கணக்கைவிடப் பத்து மடங்கு காட்டினால் படிகத்தைக் குறை சொல்லாதீர்கள். மேற்பரப்பின் ஈரத்தையும் அழுக்கையும் வெட்டு விளிம்பையும் பாருங்கள்.