பில்லோவில் வெட்டிய படம் சிறுத்துப்போவது ஏன்?

திருமலை நாயக்கர் மகால் தூண்களின் படங்களில், இடமிருந்து 200 பிக்சல், மேலிருந்து 300 பிக்சல் என்ற புள்ளியில் தொடங்கி 600 அகலமும் 800 உயரமும் உள்ள பகுதியை வெட்ட, பைத்தான் நிரல்மொழியில் படங்களைக் கையாள உதவும் பில்லோ நூலகத்தில், வெட்டுவதற்கான கிராப் கட்டளைக்கு (200, 300, 600, 800) என்று கொடுத்ததாகவும், கிடைத்த படம் 400-க்கு 500 எனச் சிறுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பில்லோ கேட்பது அகலத்தையும் உயரத்தையும் அல்ல. இடது, மேல், வலது, கீழ் என நான்கு விளிம்புகளும் இருக்கும் இடங்களை. ஆகவே (200, 300, 800, 1100) என்று கொடுங்கள். படத்தின் மேல் இடது மூலையே தொடக்கப் புள்ளி என்பதால் செங்குத்து எண் கீழ்நோக்கி வளரும். பள்ளி வரைபடத்தாளில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும்.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் மட்டும் தூணுக்குப் பதிலாகத் தரை வெட்டுப்படுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். அதற்குக் காரணம் வேறு. பல கைப்பேசிகள் பிக்சல்களைக் கிடைமட்டமாகவே சேமித்துவிட்டு, திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை மட்டும் எக்ஸிஃப் தகவலில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே சேர்த்துவைக்கப்படும் விவரங்களில், எழுதிவைக்கின்றன. படம் பார்க்கும் செயலிகள் அதைக் கவனிக்கின்றன, பில்லோவோ படத்தைத் திறக்கும்போது தானாகத் திருப்புவதில்லை. கோப்பைத் திறந்தவுடன் பில்லோவின் இமேஜ்ஆப்ஸ் பிரிவிலுள்ள எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் செயற்கூற்றுக்கு அனுப்பி, அது திருப்பித் தரும் படத்தை வெட்டுங்கள். அழகர்கோயிலில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிக் களைத்த பிறகே நான் இதை அறிந்தேன்.

வெட்டும் பெட்டி படத்துக்கு வெளியே நீண்டாலும் பிழைச்செய்தி வராது, மிஞ்சிய இடம் கறுப்பாக நிரம்பிவிடும் என்பதால், வலது, கீழ் எண்களைப் படத்தின் அளவோடு முன்பே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.