எடையை எப்போது கூட்டலாம்?

கேள்வி: முழங்கால் தேய்மானத்துக்காக, பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி கணுக்காலில் 2 கிலோ எடைப்பட்டை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன். எடையை எப்போது கூட்டலாம்?

பதில்: 10 முறை முடித்ததும், ‘இதே ஒழுங்கில் இன்னும் எத்தனை முடியும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2, 3 என்றால் எடை சரி. 5, 6 என்று தொடர்ந்து சில நாள் வந்தால் அரை கிலோ கூட்டலாம். புதிதாகச் செய்பவர்கள் தெம்பு மிச்சமிருக்கும்போதே ‘அவ்வளவுதான்’ என்று நிறுத்திவிடுவார்கள். கால் முழுதாக நீளாவிட்டாலோ, இடுப்பு நாற்காலியை விட்டு எழும்பினாலோ அது கணக்கில் சேராது. எடை போதுமா என்று அறிய ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பு உதவாது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

தொடை எரிந்தால் தசை உழைக்கிறது. மூட்டு வலி வேறு: வலியே இல்லாததை 0, தாங்க முடியாத வலியை 10 என்று வைத்தால் அது 5-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். வீங்கினால் பழைய எடைக்கே திரும்புங்கள். வீக்கம் வடியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.